ஜேம்ஸ் பீற்றர்ஸ்: நிறத்தடையும் ஊதியத்தடையும்

இங்கிலாந்தின் தேசிய றக்பி அணியில் கருநிற வீரர் ஒருவர் முதன்முதலாக இடம்பெற்றது 1906ஆம் ஆண்டு மார்ச் 17ஆந் திகதியன்றாகும். எடின்பரோ நகரின் இன்வர்லீத் மைதானத்தில் ஸ்கொத்லாந்தை 9-3 என்ற புள்ளிக்கணக்கில் இங்கிலாந்து வென்ற அன்றைய ஆட்டத்தில் அரைநிலை வீரராக ஆடிய ஜேம்ஸ் பீற்றர்ஸ் அவர்களே அவ்வீரராவார். அவருக்கு அடுத்த கருநிற வீரராகக் கிறிஸ் ஓட்டி இங்கிலாந்தின் உடையை அணிந்தது 1988இலேயே. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட எண்பத்திரண்டு ஆண்டு வெறுமையைச் சுட்டிக்காட்டுவதோடு பீற்றர்ஸின் வரலாற்றைச் சொல்லி முடித்துவிடுவது பொதுவழக்காகிவிட்டது. 'முதல்வர்' என்ற பட்டம் ஒருவரைக் கௌரவிப்பது போலவே அவரது வாழ்வின் பெரும்பகுதியை மறைத்தும் விடுகிறது. பீற்றர்ஸின் ஆட்டவாழ்வு ஒரு தடையினால் அன்றி இரு தடைகளினால் முறிக்கப்பட்டது. முதலாவது 1906இல் நிறத்தின் பெயரால் வந்தது. இரண்டாவது 1912இல் ஊதியத்தின் பெயரால் வந்தது. முன்னதை இனவாத எதிர்ப்பு எழுத்தாளரும் பின்னதை வர்க்க வரலாற்று எழுத்தாளரும் தத்தமக்குரியதாகப் பகுத்துக்கொண்டுள்ளனர். இரண்டையும் ஒரே நிறுவனத்தின், ஒரே நோக்கின் செயல்களாக ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும்.

'முதல்' என்பதைப் பற்றியே ஒரு குறிப்பு அவசியமாகின்றது. உலகின் முதலாவது சர்வதேச றக்பி ஆட்டம் 1871 மார்ச் 27இல் எடின்பரோவில் நடைபெற்றது. அன்று ஸ்கொத்லாந்துக்காக ஆடிய இருபதின்மருள் அல்பிரெட் குளூனிஸ்-றொஸ் என்பவரும் ஒருவர். இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவுகளில் ஸ்கொத்லாந்துத் தந்தைக்கும் மலாயத் தாய்க்கும் பிறந்தவர் அவர். (அத்தீவுகள் 1878 தொடக்கம் 1886 வரை இலங்கை அரசாங்கத்தின் நிருவாகத்தின் கீழேயே இருந்தன என்பதை எமது வாசகர் அறிந்திருத்தல் நன்று.) ஆயின், தீவுகளுக்கே அதிபதியாயிருந்த குடும்பத்தின் மைந்தரான அவர் சென் அன்றூஸ் பல்கலைக்கழக மாணவராக அணியில் இடம்பெற்றபோது எவரும் முணுமுணுத்ததாகச் செய்தியில்லை. நிறம் எங்கு, யாருக்குத் தடையாகின்றது என்பதை நிறம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதுவே முதற் சான்று. 1896இல் மான்செஸ்ரரில் இங்கிலாந்தின் கிரிக்கெற் அணிக்காக ஆடத் தொடங்கிய றஞ்சித்சிங்ஜியையும் இங்கு நினைவுகூரலாம். அவருக்கும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் கேம்பிறிட்ஜில் பயின்ற அரசகுமாரர் என்ற தகுதி அதனை மழுங்கச் செய்தது. பீற்றர்ஸுக்கோ அத்தகைய கவசம் எதுவுமிருக்கவில்லை.

பீற்றர்ஸ் 1879ஆம் ஆண்டு ஓகஸ்ற் 7ஆந் திகதி லங்காஷயரின் சல்போட் நகரிற் பிறந்தவர். தந்தை ஜோர்ஜ் யமேக்காவைச் சேர்ந்தவர். சர்க்கஸில் சிங்கங்களைப் பழக்கியவர். சிங்கக் கூட்டினுள்ளேயே உயிர்துறந்தார் என்பது வழிவழியாகக் கூறப்படுவது. தாய் ஹன்னா, ஷிறொப்ஷயர்ப் பகுதி வெள்ளையினப் பெண். சிறுவனாயிருக்கையிலேயே சேணமற்ற குதிரைமீது சாகசஞ் செய்பவராகப் பிறிதொரு சர்க்கஸில் விடப்பட்ட பீற்றர்ஸ், கையை முறித்துக்கொண்டதும் கைவிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினொன்று. பின்னர் லண்டனின் சதக் பகுதியிலும் கிறீனிச்சிலும் இருந்த அநாதை இல்லங்களில் வளர்ந்தார். ஆங்கிலப் பத்திரிகைகளில் அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் சிங்கக் கூட்டிலும் குதிரையிலுமே நெடுநேரம் நின்றுவிடுகின்றனர். நாம் நிற்கவேண்டிய இடம் கிறீனிச் இல்லமே என்று கருதுகிறோம். ஏனெனில், அங்குதான் அவர் இரு தொழில்களைக் கற்றார்: அச்சுத்தொழிலும் தச்சுத்தொழிலும். கிரிக்கெற்றும் மெய்வல்லுநர் போட்டிகளும் றக்பியும் பயின்று அவற்றில் இல்லத்து அணிகளுக்குத் தலைமை தாங்கியதும் அங்குதான். உழைப்பும் ஆட்டமும் ஒரே கூரையின் கீழ் அவருக்கு வாய்த்தன. பிற்காலத்தில் இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள அவர் முயன்றதே குற்றமாக்கப்பட்டது.

1898இல் பிறிஸ்ரல் நகருக்குச் சென்ற பீற்றர்ஸ், 1900 முதல் 1902 வரை பிறிஸ்ரல் கழகத்துக்காக ஆடினார். அவரைச் சேர்த்துக்கொண்டமையை எதிர்த்துக் கழகத்தின் நிருவாகக் குழு உறுப்பினர் ஒருவர் பதவி விலகினார். வெள்ளையர் ஒருவருக்குரிய இடத்தை அவர் பறித்துக்கொண்டார் என்று உள்ளூர்ப் பத்திரிகையொன்று முறையிட்டது. 1902இல் அவர் பிளிமத் நகரை அடைந்தார். அரச கடற்படையின் டெவன்போட் கப்பற் கட்டுத்தளத்தில் தச்சராகவும் டெவன்போட் அல்பியன் கழகத்தின் அரைநிலை வீரராகவும் அவரது சிறந்த ஆண்டுகள் அங்கு கழிந்தன.

இங்குச் சற்று நிதானித்து, றக்பி ஆட்டத்தின் வர்க்க அமைப்பை நோக்குதல் வேண்டும். பெயரளவிற் 'பொதுப் பாடசாலைகள்' எனப்பட்டவையும் உண்மையிற் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியனவுமாகிய கல்லூரிகளிற் பிறந்தது இவ்வாட்டம். 1871இல் உருவான இங்கிலாந்து றக்பிச் சங்கமும் அக்கல்லூரிகளின் பழைய மாணவராலேயே ஆளப்பட்டது. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளுள் யோக்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளின் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் ஆட்டத்தைத் தமதாக்கிக் கொண்டனர். சனிக்கிழமையும் வேலைக்குச் செல்லவேண்டிய ஒருவர் ஆடவேண்டுமாயின் அன்றைய கூலியை இழக்கவேண்டும். இழந்த கூலிக்கு ஈடு செய்யக் கழகங்களை அனுமதிக்குமாறு வடபகுதியினர் 1893இற் கொணர்ந்த பிரேரணை 282க்கு 136 என்ற வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. இதன் விளைவாக 1895 ஓகஸ்ற் 29இல் ஹடர்ஸ்பீல்டின் ஜோர்ஜ் ஹோட்டலிற் கூடிய கழகங்கள் பிரிந்துசென்று வட ஒன்றியத்தை அமைத்தன. அவ்வொன்றியம் தொடக்கத்தில் அனுமதித்த ஈட்டுத்தொகை நாளொன்றுக்கு ஆறு சிலிங்கிற்கு மேற்படாதது. ஆறு சிலிங்கிற்காக ஒரு விளையாட்டே இரண்டாகப் பிளந்தது என்றால் வியப்பாகவே தோன்றும். பிளவுக்குக் காரணம் தொகையன்று. ஆட்டத்தின் ஆட்சியுரிமை யாருடையது என்பதே.

பணமே பெறக்கூடாது என்ற விதி எல்லோருக்கும் ஒன்றுபோல் இயங்கியதா என்றால் இல்லை என்றே விடை வரும். வேல்ஸ் அணித்தலைவர் ஆதர் கூல்ட் அவர்களுக்கு 1897இல் இரசிகர்கள் நிதிதிரட்டி வீடொன்றையே அன்பளிப்புச் செய்தபோது, அதனை விதிமீறல் என்று கூறிய இங்கிலாந்துச் சங்கம் ஈற்றில் அவருக்கென ஒரு விதிவிலக்கை உருவாக்கிக்கொண்டது. வேல்ஸும் வட ஒன்றியத்தின் பக்கஞ் சாய்ந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். 1905-06இல் வந்த நியூசிலாந்து வீரர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று சிலிங் கைச்செலவு கொடுக்கப்பட்டது. ஸ்கொத்லாந்தினர் இதனை வன்மையாகக் கண்டித்தும் இங்கிலாந்துச் சங்கம் கண்டுங்காணாதிருந்தது. டெவன், கோண்வோல் முதலிய தென்மேற்குப் பகுதிகளிலும் இதே நிலைமைதான். அங்கும் றக்பி கப்பற்றளத் தொழிலாளர், மீனவர், சுரங்கத்தொழிலாளர் ஆகியோரின் ஆட்டமாகவே இருந்தது. வடபகுதியை இழந்தபின் இங்கிலாந்து அணிக்கு வலுவூட்டியவர்களுள் இவர்கள் முக்கியமானோர். எனவே பயன்படும்வரை இவர்களை விசாரிப்பார் எவருமிலர்.

டெவன்போட்டில் பீற்றர்ஸுடன் இணைந்து ஆடிய மற்றைய அரைநிலை வீரர் றபேல் ஜாகோ. ஒருவர் கைமாற்றும் பந்தை மற்றவர் எங்கு எதிர்பார்ப்பார் என்பதைப் பல்லாண்டுப் பழக்கத்தால் அறிந்திருந்த இணை அது. 1906இல் டெவன் மாநிலம் மாநிலங்களுக்கிடையிலான வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றது. ஜாகோ அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்து அணியில் இடம்பெற்றிருந்தார். பீற்றர்ஸையும் தெரிவுசெய்யவேண்டுமென்ற குரல்கள் வலுத்தபின் மார்ச் மாதத்தில் அவருக்கும் அழைப்பு வந்தது. எடின்பரோவில் அவருக்கு இணையாக ஆடியவர், றக்பி கல்லூரியிலும் ஒக்ஸ்போட்டிலும் பயின்ற ஏட்றியன் ஸ்தூப் ஆவார். இத்தெரிவு இனக் காரணங்களால் விரும்பத்தக்கதன்று எனக் கருதுவோர் உளர் என யோக்‌ஷயர்ப் பத்திரிகையொன்று எழுதியது. ஐந்து நாட்களின் பின்னர், மார்ச் 22இல் பாரிஸ் நகரில், பிரான்சுக்கு எதிராக இங்கிலாந்து ஆடிய முதலாவது சர்வதேச ஆட்டத்திலும் பீற்றர்ஸ் இடம்பெற்றார். இங்கிலாந்து 35-8 என வென்ற அந்த ஆட்டத்தில், எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் பெறும் 'ட்றை' ஒன்றை அவரும் பெற்றார்.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் தென்னாபிரிக்க அணி பிரித்தானியத் தீவுகளுக்கு வந்தது. போல் றூஸ் தலைமையில் வந்த இவ்வணிக்கே 'ஸ்பிறிங்பொக்' என்ற பெயர் முதலில் வழங்கலாயிற்று. ஒக்ரோபர் மாதத்தில் டெவனுக்கு எதிராக ஆட அவர்கள் டெவன்போட் வந்தனர். எதிரணியிற் பீற்றர்ஸ் நிற்பதைக் கண்டதும் மைதானத்துக்கு வர மறுத்தனர். திரண்டிருந்த பல்லாயிரவர் காத்திருக்க, உள்ளே நெடுநேரம் பேச்சு நடந்தது. தென்னாபிரிக்க உயர்ஸ்தானிகரே தலையிட்டு இணங்கவைத்தார் என்று பிற்காலத்தில் எழுதுவோர் கூறுவர். இதனை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. தென்னாபிரிக்க ஒன்றியம் உருவானதே 1910இல். அதற்கு முன் லண்டனில் அத்தகைய பதவி இருந்திருக்க முடியாது. தனித்தனிக் குடியேற்றங்களின் முகவர்களே அங்கிருந்தனர். தலையிட்டவர் யாராயினும், ஆட்டம் நடந்தது. டெவன் 6-22 எனத் தோற்றது. பீற்றர்ஸ் இறுதிவரை ஆடினார்.

டிசம்பர் 8இல் லண்டனின் கிறிஸ்ரல் பலஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் தென்னாபிரிக்காவும் சந்தித்தன. இங்கிலாந்து அணியிற் பீற்றர்ஸ் இல்லை. அரைநிலை வீரராக ஆடியோர் ஸ்தூப்பும் ஜாகோவும். அதாவது, பாரிஸிற் பீற்றர்ஸின் இணையாக ஆடியவரும் டெவன்போட்டில் அவரது இணையாக ஆடியவரும் இருந்தனர். இருவருக்கும் பொதுவான ஒருவர் மட்டும் இல்லை. ஆட்டம் 3-3 என வெற்றிதோல்வியின்றி முடிந்தது. இவ்விலக்கல் ஆட்டத்திறன் பற்றிய மதிப்பீடாக இருக்கலாகாதா என்று வினவுவோருக்கு நியாயம் உண்டு. ஸ்தூப் சாமானியர் அல்லர். அடுத்த ஜனவரியில் பிரான்சுக்கும் வேல்ஸுக்கும் எதிராகவும் பீற்றர்ஸ் ஆடவில்லை. ஆயினும் பெப்ரவரியில் அயர்லாந்துக்கு எதிராக அவர் ஜாகோவுடன் மீண்டும் அழைக்கப்பட்டார்; மார்ச்சில் ஸ்கொத்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து பெற்ற ஒரே ட்றை அவருடையதே. டெவன்போட்டில் நடந்ததை அணித்தெரிவாளர் அறியாதிருக்கவும் முடியாது. இவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போது, விருந்தினரின் மனங்கோணாதிருக்கவே அவர் விலக்கப்பட்டார் என்ற முடிவுக்கே நாம் வரவேண்டியுள்ளது.

விருந்தினரின் மனம் ஏன் அத்துணை முக்கியமாயிற்று? இதற்கான விடை மைதானத்துக்கு வெளியே உள்ளது. ஆங்கில-போவர் யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1902ஆம் ஆண்டின் வெறீனிகிங் உடன்படிக்கையின் எட்டாவது பிரிவு, சுயாட்சி வழங்கப்படும்வரை சுதேசிகளின் வாக்குரிமை பற்றித் தீர்மானிப்பதில்லை என்று கூறியது. வெள்ளையரே வாக்காளராக உள்ள நாட்டில் சுயாட்சி வந்தபின் என்ன தீர்மானம் எடுக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. போவரும் ஆங்கிலேயரும் சமரசமாவதற்கான விலையைக் கறுப்பின மக்களே செலுத்தவேண்டும் என்பதே அதன் உட்பொருள். இருமொழி வெள்ளையரும் ஓரணியாக வந்த 1906ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணம் அச்சமரசத்தின் கொண்டாட்டமாகவே கருதப்பட்டது. ட்றான்ஸ்வாலுக்குச் சுயாட்சி வழங்கும் அரச ஆணை பிறந்ததும் கிறிஸ்ரல் பலஸ் ஆட்டம் நடந்த அதே டிசம்பரிலேதான். டெவன்போட் ஆட்டம் நடந்த அதே ஒக்ரோபரில், ட்றான்ஸ்வாலின் ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்து முறையிடக் காந்தியும் எச். ஓ. அலியும் லண்டன் வந்து சேர்ந்தனர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பிரித்தானிய அரசு அச்சட்டத்துக்கு அங்கீகாரம் மறுத்தது. மறுவருடமே சுயாட்சி பெற்ற ட்றான்ஸ்வால் அதனைத் தானே நிறைவேற்றிக்கொண்டது. ட்றான்ஸ்வாலின் தமிழர் பெருந்தொகையினராகச் சிறைபுகுந்த சத்தியாக்கிரகத்தின் தோற்றுவாய் அதுவே. தச்சர் ஒருவர் அணியிலிருந்து விலக்கப்பட்டமையும் அச்சட்டமும் ஒரே அளவினவல்ல. எனினும் இரண்டிலும் லண்டன் கடைப்பிடித்த முறை ஒன்றே: தானாக எதனையும் மறுக்காது, மற்றவர் மறுப்பதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்வது.

இம்முறை பின்னர் வழக்காகவே நிலைத்தது. 1919இல் நியூசிலாந்து இராணுவ அணி தென்னாபிரிக்கா சென்றபோது 'றஞ்சி' என அழைக்கப்பட்ட கலப்பின வீரர் வில்சன் விலக்கப்பட்டார். 1928இல் மவோரி வீரர் ஜோர்ஜ் நேப்பியா விலக்கப்பட்டார். 1929இல் தென்னாபிரிக்காவுக்கு எதிராக ஒரேயொரு கிரிக்கெற் ரெஸ்ற் ஆடிய துலீப்சிங்ஜி அத்தொடரின் ஏனைய ஆட்டங்களுக்குத் தெரிவுசெய்யப்படவில்லை. 1968இல் பசில் டொலிவெய்றா விவகாரம் உலகறிந்தது. இப்பட்டியலின் தலைப்பில் பீற்றர்ஸின் பெயர் நிற்கவேண்டும்.

பீற்றர்ஸ் இங்கிலாந்துக்காக ஆடிய ஐந்தாவதும் கடைசியுமான ஆட்டம் 1908 ஜனவரியில், கடும் மூடுபனியினூடே, அவரை முன்னர் வேண்டாதிருந்த அதே பிறிஸ்ரல் நகரில் வேல்ஸுக்கு எதிராக நடைபெற்றது. பந்தையே பார்வையாளர் காணமுடியாத அன்று இங்கிலாந்து 18-28 எனத் தோற்றது. டெவன்போட் அல்பியனுக்கும் டெவனுக்குமாக அவர் தொடர்ந்து ஆடிவந்தார். 1910இல் கப்பற்றளத்து விபத்தொன்றில் அவரது கைவிரல்கள் மூன்று துண்டிக்கப்பட்டன. தச்சருக்குக் கை எத்தகையதோ, பந்தைப் பிடித்து எறியும் அரைநிலை வீரருக்கும் அத்தகையதே. ஆட்டவாழ்வு முடிந்தது என்றே பலரும் எண்ணினர். அவர் மீண்டும் ஆட வந்தார். முப்பதைக் கடந்த வயதில், ஏழு விரல்களோடு ஆடிய அவ்விரு ஆண்டுகளைப் பற்றி எவரும் விரிவாக எழுதாதது எமக்கு வருத்தந் தருவது.

1912இல் தென்மேற்கிலும் வட ஒன்றிய முறையிலான ஆட்டத்தைப் பரப்பும் முயற்சிகள் தோன்றின. இங்கிலாந்துச் சங்கம் உடனே விழித்துக்கொண்டது. இத்துணைக் காலமும் காணாதிருந்தவற்றைக் காணத் தொடங்கியது. டெவன் பகுதிக் கழகங்கள் வீரருக்குப் பணம் கொடுத்தமை விசாரிக்கப்பட்டது. கழகங்களும் வீரரும் இடைநிறுத்தப்பட்டனர். இடைநிறுத்தப்பட்டோருள் பீற்றர்ஸும் ஒருவர். கூல்ட் பெற்ற வீட்டுக்கு விதிவிலக்குத் தேடிய அதே சங்கம், தொழிலிடத்தில் மூன்று விரல்களை இழந்த தச்சருக்கு எவ்வித விதிவிலக்கையும் தேடவில்லை. நிறம் பற்றிய எந்தச் சொல்லும் இம்முறை உச்சரிக்கப்படவில்லை. உச்சரிக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் டெவன்போட்டில் ஆட மறுத்தவர்கள் விருந்தினராக உபசரிக்கப்பட்டனர். ஆட விரும்பியவரே இப்போது குற்றவாளியாக நின்றார்.

பீற்றர்ஸ் தாம் பிறந்த வடபகுதிக்கே திரும்பினார். 1913இல் பரோ கழகத்திலும் 1914இல் சென் ஹெலன்ஸ் கழகத்திலும் வெளிப்படையாக ஊதியம் பெற்று ஆடினார். அவ்வேளை அவருக்கு வயது முப்பத்தைந்தை நெருங்கியிருந்தது. அங்கு அவர் பெரிதாகச் சாதித்தார் என்று கூறுவதற்கில்லை. ஆனால் அவர் சென்றடைந்த ஆட்டத்தின் பிற்கால வரலாற்றையும் சேர்த்து நோக்குதல் நன்று. தொழிலாளரின் ஆட்டமாயிருந்த அங்கு, 1947இல் றோய் பிரான்சிஸ் பிரித்தானிய அணியில் இடம்பெற்றார். 1972இல் கிளைவ் சலிவன் பிரித்தானிய அணித்தலைவராக உலகக் கிண்ணத்தையே வென்றார். கனவான்களின் ஆட்டம் தனது இரண்டாவது கருநிற வீரரைத் தேடிக்கொள்ள அதற்குப் பின்னரும் பதினாறு ஆண்டுகள் சென்றன. வட ஒன்றியத்தில் இனவெறுப்பே இருக்கவில்லை என்று நாம் கூறவரவில்லை. ஆடுபவர் கூலிக்கு ஆடுபவர் என்பதை ஒப்புக்கொண்ட இடத்தில், நன்றாக ஆடுகிறாரா என்ற வினாவே ஏனையவற்றை விட முந்திக்கொண்டது.

யுத்தம் வந்து வட ஒன்றியத்து ஆட்டங்களும் குன்றிய பின்னர், பீற்றர்ஸ் பிளிமத் திரும்பினார், தச்சுத்தொழிலையே தொடர்ந்தார். வட ஒன்றியத்தில் ஊதியத்துக்கு ஆடிய எவரும் இங்கிலாந்துச் சங்கத்தின் கீழுள்ள எந்தக் கழகத்திலும் ஆடவோ நிருவாகப் பொறுப்பு வகிக்கவோ ஆயுட்காலம் முழுவதும் முடியாதென்பது விதி. 1954 மார்ச் 26ஆந் திகதி அவர் காலமானபோதும் அவ்விதி நடைமுறையிலிருந்தது. ஊதியம் பெறாமையென்ற கோட்பாட்டைச் சர்வதேச றக்பிச் சபை கைவிட்டது 1995 ஓகஸ்ற் மாதத்திலாகும்.